எந்தப் பொட்டி?

போனின் மறுமுனையில் யாருடைய கணினியாவது அணைந்து எழுந்துகொண்டிருக்கும்போது அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார். "ரீஸ்டார்ட் பண்ணிட்டு லைன்லயே இருங்க" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கட்டைவிரல் நகம் தோலுக்குள் இறங்கியிருக்கும். புதுக் கணினி என்றால் தோல் மட்டும் உரியும். கொஞ்சம் பழசு என்றால் சுளை பிரிந்துவிடும். சுளைகளின் மேலிருக்கும் வெள்ளை நாரையெல்லாம் நீக்கி, குளிப்பாட்டிய குழந்தைகள் மாதிரி மேசையில் வரிசையாக உட்காரவைத்திருந்தாரென்றால், மறுமுனையில் இருப்பது பழைய இரும்புக்குப் போகவேண்டிய சாமான் என்று பக்கத்து இருக்கைக்காரர்கள் தெரிந்துகொள்வார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு சுளை கிடைக்கும்.

எங்கள் நிறுவனம் சின்னச் சின்ன மென்பொருள்கள் செய்து விற்கிறது. கடைக்குப் பில் போட ஒன்று, டாக்டரிடம் நேரம் வாங்க ஒன்று, துணியில் பூவும் பெயரும் தைக்கும் மெஷினுக்கு டிசைன் வரைந்து அனுப்ப ஒன்று. வாங்கியவர்களின் கணினியில் அது ஏறவில்லை என்றால் எங்களைத்தான் திட்டுவார்கள். திட்டு வாங்குவதற்கென்று ஒரு நீள அறையும், தடுப்புப் பலகைகளும், காதில் மாட்டும் போன்களும் இருக்கின்றன. அந்த அறையில் என் வேலை ஒட்டுக்கேட்பது. மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு மதிப்பெண் போடவேண்டும். கௌரவமாகச் சொல்வதற்கு ஒரு பதவிப் பெயரும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் செய்வது அதுதான்.

வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, நலம் விசாரித்து, பிறகே குறைக்குப் போகவேண்டும் என்பது அறையின் விதி. நம் ஆரஞ்சுக்காரரோ வணக்கத்தோடு சேர்த்தே கேட்டுவிடுவார்: "வணக்கம்ங்க, எந்தப் பொட்டி?" அதனால் அறையில் அவருக்குப் பெயரே எந்தப்பொட்டி என்றாகிவிட்டது. மேனேஜர்கூட வாய்தவறி ஒருமுறை மீட்டிங்கில் "இதை நம்ம எந்தப்பொட்டி பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார்.

கேள்வியில் அர்த்தமில்லாமல் இல்லை. பொட்டி என்று அவர் சொல்வது கணினியை. அதற்குள் இருக்கும் சிப்பில் பல வகை. ஒரு வகைக்கு எழுதியது இன்னொரு வகையில் பல சமயம் ஏறாது, ஏறினாலும் சரியாக ஓடாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி மூடி, ஒரே மாதிரி பொத்தான்கள். வாடிக்கையாளர்கள் கடையில் நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்கள்; வகையைப் பார்ப்பதில்லை. இவருடைய உலகில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

"நீங்க என்ன பண்ணீங்கன்னு நான் கேக்கல. உங்ககிட்ட என்ன இருக்குன்னு கேட்டேன்" என்பார். இந்த வாக்கியத்துக்காக மட்டும் அவருக்கு நான் எத்தனையோ முறை 'பரிவு' என்ற கட்டத்தில் முட்டை போட்டிருக்கிறேன்.

ஒரு கால்நடை மருத்துவர் கூப்பிட்டார். எங்கள் இணையதளத்தில் அவருடைய மென்பொருள் இரண்டு விதமாக இருந்தது. ஒன்றில் எக்ஸ் எண்பத்தாறு என்றும் மற்றதில் எக்ஸ் அறுபத்துநாலு என்றும் போட்டிருந்தது. பெரிய எண்தானே நல்லது என்று எண்பத்தாறை எடுத்திருக்கிறார். "பழசுங்க அது. எண்பத்தாறுங்கறது முப்பத்திரண்டு பிட்டு" என்றார் இவர். மறுமுனையில் ஒரு மாடு கத்தியது. "எண்பத்தாறு எப்படி சார் முப்பத்திரண்டாகும்?" என்றார் மருத்துவர். "அது அப்படித்தான். ஏன்னு கேட்டீங்கன்னா உங்க மாடு நோவோட நின்னுக்கிட்டே இருக்கும்" என்றார் இவர்.

இன்னொருத்தர், தன் கணினியில் இருப்பது இன்டெல் சிப்பு, நீங்கள் கொடுத்த ஃபைலின் பெயரில் ஏஎம்டி என்று வேறு கம்பெனியின் பெயர் போட்டிருக்கிறது, யாருடைய சரக்கையோ என் தலையில் கட்டப்பார்க்கிறீர்களா என்று எகிறினார். ரெண்டும் ஒரே வகைதான், முதலில் செய்தவன் பெயர் நின்றுவிட்டது என்று புரியவைப்பதற்குள் இவர் மேசையில் தோலும் இல்லை, பழமும் இல்லை.

வகையைப் பார்க்காமல் மற்றதையெல்லாம் செய்துபார்ப்பவர்கள்மேல் அவருக்கு ஒரு தனி இளக்காரம். ஆன்டிவைரஸை அணைப்பது, கேபிளை மாற்றுவது, பழைய வெர்ஷனைத் தேடிப்பிடித்துப் போடுவது, ஒரே ஃபைலைத் திரும்பத் திரும்ப இறக்குவது எல்லாவற்றுக்கும் அவர் வைத்த பெயர் 'மந்திரிக்கறது.' "மந்திரிச்சு முடிச்சிட்டுக் கூப்பிடுங்க, பேசலாம்" என்று ஒரு வக்கீலிடமே சொல்லியிருக்கிறார்.

அலுவலகத்துக்கு வெளியிலும் ஆள் அதே ஆள்தான். பல்பு வாங்கினால் அட்டையின் நாலு பக்கமும் படிப்பார். செருப்பு வாங்கினால் அடிப்பக்கத்தைத் திருப்பி மூக்குக்கு நேரே பிடித்துப் படிப்பார். மேனேஜர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தபோது எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றோம். இவர் மட்டும், "என்ன பவருன்னு பாத்து வாங்கினீங்களா சார்?" என்றார்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, மனைவிக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "தூக்கினா தூக்கின மாதிரியே இல்ல. ஒரு தட்டு கனம். ஃபேனே கிடையாது, சத்தமே வராது. காலைல சார்ஜ் போட்டா ராத்திரி வரைக்கும் நிக்குது." அவர் ஒரு கணினியைப் பற்றி இத்தனை உரிச்சொற்கள் பயன்படுத்தி யாரும் கேட்டதில்லை. எந்தப் பொட்டி என்று கேட்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரிடம் போய் அதைக் கேட்பதா?

அவர் மனைவிக்குத் தொழில், துணியில் பெயர் தைப்பது. வீட்டின் முன்னறையில் பல ஊசிகள் கொண்ட மெஷின் ஒன்று இருக்கிறது. பள்ளிச் சட்டைகளில் முத்திரை, ஹோட்டல் துண்டுகளில் பெயர், காவலாளிகளின் தொப்பியில் எழுத்து என்று வருவதையெல்லாம் தைத்துக்கொடுப்பார். டிசைன் வரைவது எங்கள் மென்பொருளில்தான். அவருடைய பழைய கணினி மாவு மில் மாதிரி இரைந்துகொண்டு, மேசைக்கடியில் காலைச் சுட்டுக்கொண்டு கிடந்தது. புதுசு வந்த அன்றே பழையதைத் துடைத்துச் சுத்தம் செய்து, கொழுந்தியாள் மகன் படிக்கட்டும் என்று, இவரே தோளில் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அதே வாரம் ஒரு ஆஸ்பத்திரி அந்த அம்மாவிடம் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளில் பெயர் தைக்கும் வேலையைக் கொடுத்தது. புதுக் கட்டடம் திறக்கிறார்களாம். அவர் இதுவரை பிடித்த வேலைகளிலேயே பெரியது அதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் ஆள் மேசையில் ஆரஞ்சு தென்படவில்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் நடைவழியில் நின்று போனில் தாழ்ந்த குரலில் பேசுவார். அதை நான் ஒட்டுக்கேட்கவில்லை. அதற்கு எனக்குச் சம்பளமில்லை. ஆனால் நடைவழி குறுகலானது. "சர்வர்ல ஏதோ பிரச்சனையாம்" என்பது ஒரு நாள் காதில் விழுந்தது. எங்கள் சர்வருக்கு ஒன்றுமில்லை. "அப்டேட்டு வரணும், வந்துரும்" என்பது இன்னொரு நாள். எந்த அப்டேட்டும் வருவதாக இல்லை. மென்பொருள் செய்யும் பிரிவுக்குப் போய், டிசைன் மென்பொருளின் பழைய வெர்ஷன்கள் எல்லாம் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா, படிக்கறதுக்கு" என்றார். மென்பொருளை எப்படிப் படிப்பது என்று அவர்களும் கேட்கவில்லை.

ஒரு காலைப் பொழுதில், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் காதுபோனைக் கழற்றியபடி எழுந்து நின்று அவரைப் பார்த்தாள்.

"சார், தையல் சாஃப்ட்வேர். முக்காவாசி ஏறிட்டு, பழையபடி இறங்கிடுதாம். எனக்குப் புரியல."

"குடு, குடு" என்றார். நல்ல சிக்கலைக் கேட்டால் அவருக்குப் பசியெடுக்கும். திரையைப் பார்க்காமலே லைனை வாங்கினார். "வணக்கம்ங்க, எந்தப் பொட்டி?"

"அதைத் தெரிஞ்சுக்கலாம்னுதான் சார் கூப்பிட்டேன்" என்றது ஒரு பெண் குரல்.

அவர் கை கீபோர்டின்மேல் அப்படியே நின்றது. பிறகுதான் திரையைப் பார்த்தார். அவர் வீட்டு எண். நான் எதிர்ப்பக்கம் காதுபோனை மாட்டிக்கொண்டு, வேறெங்கோ பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

"இதுல ஏன் கூப்பிட்ட?" என்றார், குரலை விழுங்கி. "இது ரெக்கார்டு ஆகும்."

"ஆமா சார், அந்தப் பொண்ணு சொல்லிச்சு. நல்லாப் பண்ணிக்குங்க."

"சாயந்திரம் வந்து பாக்கறேன்."

"எங்க வீட்டுக்காரரும் தினம் சாயந்திரம் வந்து பாக்கறேன் பாக்கறேன்னுதான் சார் பாக்கறாரு. ஒண்ணும் நடக்கல. அதான் கம்பெனிக்கே போட்டுக் கேட்டுரலாம்னு."

புதுப் பெண் கற்றுக்கொள்வதற்காக அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரிங்க மேடம். என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?"

நான் ஒட்டுக்கேட்க ஆரம்பித்த நாளிலிருந்து அவர் யாரையும் இந்தக் கேள்வி கேட்டதில்லை.

"நான் ஒண்ணும் பண்ணல சார். அவர்தான். ஆன்டிவைரஸ அணைச்சாரு. கேபிள மாத்தினாரு. பழைய வெர்ஷனா எடுத்துட்டு வந்து ஒண்ணொண்ணாப் போட்டாரு. எதிர் வீட்டு இன்டர்நெட்டக் கடன் வாங்கிப் போட்டாரு. நேத்து, மேசைய ஜன்னல் பக்கம் நகத்திப் போட்டுப் பாத்தாரு."

"மந்திரிச்சிருக்காங்க சார்" என்று புதுப் பெண் அவர் காதோரம் கிசுகிசுத்தாள், பாடத்தைச் சரியாகப் படித்திருக்கிறோம் என்ற சந்தோஷத்தில்.

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எந்த இடத்துல மேடம் நிக்குது?"

"மெஷின் டிரைவர்னு ஒரு எழுத்து வருது. அதோட நின்னு, போட்டதையெல்லாம் தானே எடுத்துக்கிட்டு, மறுபடி மொதல்ல வந்து உக்காந்துக்குது."

டிரைவர் என்பது கணினியிலிருந்து தையல் மெஷினுக்குக் கேபிள் வழியாகப் பேசும் துண்டு மென்பொருள். மற்றதெல்லாம் வகை மாறினாலும் எப்படியோ சமாளித்து ஓடும். டிரைவர் மட்டும் ஒத்துக்கொள்ளாது. இது அறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரியவைத்தவர் இவர்தான்.

"செட்டிங்ஸ் திறங்க மேடம்" என்றார். "சிஸ்டம்னு இருக்கும். அதுல கடைசி வரைக்கும் கீழ வாங்க. அபவுட். வந்துட்டீங்களா? அங்க சிஸ்டம் டைப்புன்னு ஒரு வரி இருக்கும். அதைப் படிங்க."

"அட, இப்படி ஒரு பக்கம் இருக்கா சார்? அவரு லேப்டாப்ல மூலை முடுக்கெல்லாம் போனாரு. இங்க மட்டும் வரவே இல்ல."

"படிங்க மேடம்."

"அறுபத்துநாலு பிட்டு. கமா. அப்புறம் ஏ... ஆர்... எம்."

அவர் அந்த மூன்று எழுத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். எங்கள் விதிப்படி, வாடிக்கையாளரை இப்படிக் காத்திருக்கவைத்தால் மதிப்பெண் குறைக்கவேண்டும். நான் பென்சிலை எடுத்தேன். பிறகு கீழே வைத்தேன்.

"தப்பு உங்க மேல இல்லைங்க மேடம்" என்றார். இது எல்லாருக்கும் சொல்கிற வாக்கியம்தான், நிறுவனம் எழுதிக்கொடுத்தது. "பொட்டி ஏஆர்எம்ங்கற வகை. நம்ம டிரைவர் வேற வகைக்கு எழுதினது. எத்தனை தடவை போட்டாலும் ஏறாது."

"அப்ப தப்பு யார் மேல சார்?"

"வாங்கினவர் மேல."

"வாங்கினவரு திருப்பிப் பாக்காம ஒரு பல்பு வாங்க மாட்டாரே சார்."

"இதைப் பாக்கல." அவர் காதுபோனின் வயரை விரலில் சுற்றினார், பிரித்தார். "ஆசைல வாங்கிட்டாரு. அந்தப் பழசு கால்கிட்ட சுட்டுக்கிட்டே இருந்துச்சுல்ல. கடைல இதத் தொட்டா சில்லுன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் அவரு வேற எதையும் பாக்கல மேடம்."

புதுப் பெண் என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிய ஆரம்பித்து, புரியாத மாதிரி இருந்துகொள்ளலாம் என்று முடிவு செய்வது முகத்தில் தெரிந்தது.

"கோட்டெல்லாம் அடுக்கி வெச்சிருக்கேன்" என்றார் அந்த அம்மா. குரலில் கேலி போயிருந்தது. "இன்னிக்காவது ஒண்ணு தெச்சுக் காட்டலேன்னா வேற கடைக்குக் குடுத்துருவாங்க. காலைலயே ஆள் வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்க."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டிரைவர விட்டுடுவோம்" என்றார். "இன்ஸ்டால ஆரம்பிங்க. 'கஸ்டம்'னு கேக்கும், அதைத் தொடுங்க. பட்டியல் வருதா? மெஷின் டிரைவருக்குப் பக்கத்துல இருக்கற டிக்க எடுத்துடுங்க. எடுத்தாச்சா? இப்பப் போடுங்க."

"போகுது சார்... முக்காவாசி வந்துருச்சு... ஐயோ, இந்த இடத்துலதான்..."

"நிக்காது."

"நிக்கல." ஒரு மூச்சு. "ஏறிருச்சு. திறக்குது. பூவெல்லாம் வருது."

"வரும். சாஃப்ட்வேரை அந்தச் சிப்பு உள்ளுக்குள்ளயே மொழிபெயர்த்து ஓட்டிக்கும். டிரைவர மட்டும்தான் அதால முடியாது. கேபிள்ல அனுப்ப முடியாது, அவ்வளவுதான். டிசைன வரைஞ்சு பென்டிரைவ்ல சேவ் பண்ணி, அதைக் கொண்டுபோய் மெஷின்ல சொருகுங்க. மெஷின் படிச்சுக்கும்."

வகையை ஒத்துக்கொண்ட பிறகு அவருக்கு இது தோன்ற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் அத்தனை சாயந்திரங்கள், டிரைவரை எப்படியாவது ஏற்றிவிடுவது என்று மல்லுக்கட்டியிருக்கிறார்.

"வேற ஏதாவது உதவி வேணுங்களா மேடம்?" என்று முடித்தார். விதிப்படி கேட்கவேண்டியது.

"வேணும் சார். வீட்ல இருக்கற பென்டிரைவ் இப்போதைக்குத் தாங்கும். வரும்போது புதுசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

'உறவு கொண்டாடாமல் பேசினாரா' என்று என் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டேன். 'பரிவு' கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டேன். மேனேஜர் காரணம் கேட்பாரென்று பயந்தேன். அவர் பதிவைக் கேட்டுப்பார்த்துவிட்டு, பிரமாதமாக இருக்கிறது என்று சொல்லி, புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடமாகப் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டார். இப்போது ஒவ்வொரு குழுவும் அதைக் கேட்கிறது. வாடிக்கையாளரின் கணவரைப் பற்றி அவதூறாகப் பேசாமல், அதே சமயம் உண்மையை மறைக்காமல், எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார் பாருங்கள் என்று மேனேஜர் விளக்குகிறார். இவர் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். "அந்த மேடத்தோட வீட்டுக்காரரு சரியான ஆளு சார்" என்று ஒரு பையன் சொல்ல, வகுப்பே சிரித்தது. இவரும் சிரித்தார், ஒரு நொடி தாமதமாக.

எங்கள் அலுவலகச் சட்டைகளில் முத்திரை தைக்கவேண்டியிருந்ததால், ஒரு விடுமுறை நாளில் நானே மூட்டையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் கயிறு கட்டி வெள்ளைக் கோட்டுகளை மாட்டியிருந்தார்கள். உள்ளே போக வேண்டுமென்றால் டாக்டர்களை விலக்கிக்கொண்டு போகவேண்டும். ஆஸ்பத்திரி வேலை கைவிட்டுப் போகவில்லை. போதாததற்கு நர்சுகளின் சட்டைகளையும் கொடுத்திருக்கிறார்கள்.

"அன்னிக்கு ஏன் ஆபீசுக்கே போன் பண்ணீங்க?" என்று நான் அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"வீட்ல கேட்டா வீட்டுக்காரருதாங்க பதில் சொல்றாரு" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு ஆபீஸ்காரரு வேண்டியிருந்துச்சு."

லேப்டாப் ஜன்னலோர மேசையில் சத்தமில்லாமல் இருந்தது. தையல் மெஷின் எதிர்ச்சுவரோரம். கேபிள் இல்லாததால் ஒவ்வொரு பெயரையும் இங்கிருந்து அங்கே கையில்தான் கொண்டுபோகவேண்டும். நான் பார்த்தபோது அந்த அம்மா பென்டிரைவை உருவி, திரும்பாமலே கையை நீட்டினார். உள்ளே எனக்காகக் காபி கலந்துகொண்டிருந்தவர், டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஈரக்கையை வேட்டியில் துடைத்தபடி வந்து வாங்கிக்கொண்டார். கோட்டுகளுக்கிடையே நுழைந்து மெஷினருகே போனார். சொருகினார், போகவில்லை. திருப்பிச் சொருகினார், அப்படியும் போகவில்லை.

"மொதல்ல வெச்ச மாதிரியே வைங்க" என்றார் அந்த அம்மா.

அவர் தரையில் மண்டிபோட்டு, கன்னத்தை மெஷினோடு ஒட்டவைத்து, செல்போன் வெளிச்சத்தில் அந்தத் துளையை உற்றுப் பார்த்தார். பிறகு முதலில் வைத்த மாதிரியே வைத்தார். உள்ளே போய்விட்டது. ஊசி தடதடவென்று இறங்கி ஏற ஆரம்பித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு டாக்டரின் பெயர் கடைசி எழுத்துவரை நீல நூலில் விழுந்து முடியும்வரைக்கும், பென்டிரைவின்மேல் இரண்டு விரலை வைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.